முதல் 512 பைட்: பழைய லேப்டாப் ஏன் பூட் ஆக மறுக்கிறது?

இந்த எபிசோடில் ஒரு பழைய லேப்டாப்பைப் பற்றிப் பேசப்போறோம். பத்து, பன்னிரண்டு வயசு ஆன லேப்டாப்னு வச்சுக்குங்க. அதே ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸும் இருக்கு, லினக்ஸும் இருக்கு. ஆன் செய்ததும் எது வேணும்னு ஒரு பட்டியல் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். இதைத்தான் டூயல் பூட் என்கிறோம். ஒருநாள் அந்தப் பட்டியல் வரவில்லை. கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி. "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று இருக்கலாம். "எரர்: நோ சச் பார்டிஷன்" என்று இருக்கலாம். "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்றும் இருக்கலாம்.

கடைக்கு எடுத்துப்போனால் பல நேரம் ஒரே பதில்தான்: "ஃபார்மட் பண்ணிடலாம்." பத்து வருஷத்து போட்டோ, கல்லூரி புராஜெக்ட், வேலைக்கான சான்றிதழ்களின் ஸ்கேன் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். ஆனால் இந்த மாதிரி வரி வரும்போது பெரும்பாலும் உங்க ஃபைல்கள் பத்திரமாக அதே இடத்தில்தான் இருக்கும். அங்கே போகிற வழிதான் தொலைந்திருக்கும். அந்த வழி எப்படித் தொலைகிறது என்று புரிய, கொஞ்சம் வரலாறு தெரியணும். மேலே சொன்ன ஒவ்வொரு வரிக்கும் ஒரு காலம் இருக்கு. எந்தக் காலத்து வரி என்று தெரிந்தால், எங்கே கை வைக்கணும் என்பதும் தெரிந்துவிடும்.

கோழியா, முட்டையா?

கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய சிக்கல் உண்டு. எந்த புரோகிராமையும் டிஸ்க்கிலிருந்து எடுத்து மெமரியில் வைக்க ஒரு புரோகிராம் வேணும். அந்த புரோகிராமை யார் மெமரியில் வைப்பது? கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான். காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு இருக்கு. அந்த வாரின் பெயர் பூட்ஸ்டிராப். அதிலிருந்துதான் "பூட்" என்ற சொல்லே வந்தது.

ஆரம்பத்தில் அந்த முதல் புரோகிராமை மனுஷன் கையால் கொடுத்தான். 1975இல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரின் முகப்பில் வரிசையாக சுவிட்சுகள் இருக்கும். மேலே கீழே தட்டித் தட்டி, ஒவ்வொரு பைட்டாக உள்ளே ஏற்றணும். அந்த ஆல்டேருக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் ஒரு பேசிக் மொழி எழுதினார்கள். அதைக் காட்டுவதற்கு ஆலன் விமானத்தில் ஆல்புகர்க்கி நகருக்குப் போகிறார். பாதி வழியில்தான் நினைவு வருகிறது: பேசிக்கை காகித நாடாவிலிருந்து படித்து மெமரியில் ஏற்றுகிற குட்டி புரோகிராமை யாருமே எழுதவில்லை. விமானத்திலேயே உட்கார்ந்து எழுதினார். மைக்ரோசாஃப்ட்டின் கதையே ஒரு பூட் லோடர் இல்லாத பதற்றத்தோடு தொடங்குகிறது என்று சொல்லலாம்.

1981, 1983: ஒரே ஒரு இடம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. இதில் சுவிட்ச் தட்டும் வேலை இல்லை. பயாஸ் என்ற சிறு புரோகிராம் ஒரு சிப்பில் நிரந்தரமாக இருக்கும். மின்சாரம் வந்ததும் அது விழிக்கும், கருவிகளைச் சோதிக்கும், பிறகு ஃபிளாப்பியின் முதல் செக்டாரை, அதாவது முதல் 512 பைட்டை, மெமரிக்குக் கொண்டுவரும். மெமரியில் எந்த இடத்துக்கு? 31,744 என்ற முகவரிக்கு. விசித்திரமான எண்ணாகத் தெரியும். குறைந்தது 32 கேபி மெமரி இருக்கும் என்று கணக்கிட்டு, அதன் கடைசி 1 கேபியை இதற்கு ஒதுக்கினார்கள், அவ்வளவுதான். 32,768இல் 1,024 கழித்தால் 31,744. இன்று 8 ஜிபி மெமரி உள்ள லேப்டாப்பும், பழைய முறையில் பூட் ஆனால் அதே முகவரிக்குத்தான் போகும்.

1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி. 10 எம்பி ஹார்ட் டிஸ்க், கூடவே டாஸ் 2.0. ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போடலாம், ஹார்ட் டிஸ்க்கை அப்படி மாற்ற முடியாது. வேறு இயங்குதளம் வேண்டுபவர் என்ன செய்வார்? அதனால் டிஸ்க்கைப் பங்கு பிரிக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். முதல் செக்டாரின் 512 பைட்டில் 446 பைட் புரோகிராமுக்கு, 64 பைட் பங்குப் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. ஒரு பங்குக்கு 16 பைட் என்றால் நான்கு பங்கு. இதுதான் மாஸ்டர் பூட் ரெக்கார்ட், சுருக்கமாக எம்பிஆர்.

இங்கே கவனிங்க. நான்கு குடும்பம் குடியிருக்கலாம் என்று வீட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள், ஆனால் வாசல் ஒன்றுதான். அந்த 446 பைட்டில் யார் கடைசியாக எழுதுகிறாரோ, அவர் கையில்தான் சாவி. டூயல் பூட்டில் வருகிற பாதிச் சண்டை இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்புகிறது.

லைலோ காலம்

லினக்ஸ் 1991இல் வந்தது. அதை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லைலோ என்ற லோடரை எழுதினார். ஆங்கிலத்தில் அதன் பெயர் நான்கு எழுத்து. ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் ஒரு எழுத்தைத் திரையில் போடும். நான்கும் வந்தால் நல்லது. "எல்" மட்டும் வந்து நின்றால் முதல் பகுதி ஓடியது, இரண்டாவதை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். "எல்", "ஐ" வந்து நின்றால் இரண்டாவது பகுதி கிடைத்தது, ஓடவில்லை. 446 பைட்டுக்குள் நீளமான எர்ரர் செய்தி எழுத இடம் ஏது? எங்கே நின்றதோ அதுதான் செய்தி.

லைலோவுக்கு ஃபைல் என்றால் என்னவென்று தெரியாது. லினக்ஸ் கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த செக்டாரில் கிடக்கிறது என்ற முகவரிகளை மட்டும் குறித்துவைத்திருக்கும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால், அது பழைய முகவரிக்குப் போய் கதவைத் தட்டும். அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள். போதாததற்கு, அன்றைய பயாஸ் டிஸ்க்கின் முதல் 1,024 சிலிண்டர்களுக்கு அப்பால் பார்க்காது. கெர்னல் அந்த எல்லையைத் தாண்டி விழுந்தால் பூட் ஆகாது.

இதெல்லாம் லினக்ஸ் பக்கத்துச் சிக்கல். மறுபக்கம் விண்டோஸ் 95, 98. மறுபடி நிறுவினால் யாரையும் கேட்காமல் எம்பிஆரில் தன் புரோகிராமை எழுதிவிடும். லினக்ஸ் டிஸ்க்கிலேயே முழுசாக இருக்கும், ஆனால் கூப்பிட ஆள் இல்லை. "விண்டோஸை முதலில் போடு, லினக்ஸை அப்புறம் போடு" என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்தப் பழக்கம் இந்தக் காலத்தில் படிந்ததுதான்.

விண்டோஸின் சொந்தச் செய்திகளிலும் காலம் தெரியும். "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் எக்ஸ்பி வரையான குடும்பம். "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் விஸ்டாவுக்குப் பிந்தைய குடும்பம். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எம்பிஆர் வேலை செய்தது, பங்கைக் கண்டுபிடித்தது, உள்ளே இருக்கவேண்டிய அடுத்த லோடர்தான் காணோம்.

கிரப்: ஃபைல் படிக்கத் தெரிந்த லோடர்

1995இல் எரிக் பொலெயின், குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தை பூட் செய்யப் போராடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி லோடர் எழுதுவது வீண்வேலை என்று அவர் செய்ததுதான் கிரப். 1999 முதல் அது குனு திட்டத்தின் கீழ் வளர்ந்தது. கிரப்புக்கு ஃபைல் அமைப்பு புரியும். செக்டார் எண்ணைக் குறித்துவைக்காமல், இந்தப் பங்கில், இந்த ஃபோல்டரில், இந்தப் பெயருள்ள ஃபைல் என்று தேடிப்போய் எடுக்கும். லைலோவின் பெரிய தலைவலி தீர்ந்தது.

ஆனால் இவ்வளவு அறிவு 446 பைட்டுக்குள் அடங்குமா? அடங்காது. அதனால் கிரப்பின் நடுப்பகுதியை எம்பிஆருக்கும் முதல் பங்குக்கும் இடையே இருந்த காலி செக்டார்களில் வைத்தார்கள். அந்த இடம் சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லை, புறம்போக்கு மாதிரி. விண்டோஸில் ஓடுகிற சில வணிக மென்பொருள்களும் உரிமத் தகவலை ஒளித்துவைக்க அதே புறம்போக்கைப் பயன்படுத்தின. ஒருத்தர் எழுதியதன் மேல் இன்னொருத்தர் எழுதினால் என்ன ஆகும்? கிரப் சாகும். கடைசியில், சில பைட் அழிந்தாலும் மீட்டுக்கொள்ளும் கணித முறையையே கிரப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. கீறல் விழுந்த சிடியைப் படிக்க உதவுகிற அதே வகைக் கணக்கு அது.

மீதிப் பகுதி லினக்ஸ் பங்குக்குள் இருக்கும். அந்தப் பங்கை அழித்தாலோ, புதுப் பங்கு நடுவில் வந்து எண் மாறினாலோ, கிரப்பின் தலை மட்டும் விழித்துக்கொண்டு உடலைத் தேடும். அப்போது வருவதுதான் "நோ சச் பார்டிஷன்", அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ". பார்த்தால் பயமாக இருக்கும். உண்மையில் அது உதவி கேட்கிற வரி: "என் மீதி ஃபைல்கள் எந்தப் பங்கில் இருக்கு, சொல்லுங்க" என்கிறது.

தமிழ்நாட்டுக்கு வந்த டூயல் பூட்

நம்ம ஊருக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. போஸின் அடிப்படை டெபியன். வீட்டின் முதல் கம்ப்யூட்டரே டூயல் பூட்டாக அமைந்த குடும்பங்கள் நம்மிடம் நிறைய.

அப்படிப்பட்ட லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று விண்டோஸில் உட்கார்ந்து, "இது என்ன, பெயரே இல்லாத பங்கு?" என்று லினக்ஸ் பங்கை அழித்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அழிக்கும்போது எதுவும் நடக்காது. விண்டோஸ் நன்றாகவே ஓடும். அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் கருப்புத் திரை. விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கிரப்பின் உடல் போய்விட்டது. எம்பிஆரைத் திருப்பி எழுதினால் சில நிமிஷத்தில் தீர்கிற விஷயம். இது தெரியாததால் ஃபார்மட் ஆன டிஸ்க்குகள் எத்தனையோ.

2012: இடத்திலிருந்து அனுமதிக்கு

எம்பிஆரின் பட்டியல் 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாதது. அதற்கு மாற்றாக, இன்டெல் தன் ஐட்டேனியம் கம்ப்யூட்டர்களுக்காகத் தொடங்கிய வேலை 2005இல் யூஇஎஃப்ஐ என்ற பொதுத் தரமாக மாறியது. இதில் ஒற்றை வாசல் சண்டை இல்லை. டிஸ்க்கில் ஒரு சிறு பங்கு பொதுவாக இருக்கும். அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் கூப்பிடணும் என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கும். 29 வருஷத்துச் சண்டை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. அதன் முத்திரை வேணும் என்றால் புது கம்ப்யூட்டரில் செக்யூர் பூட் இயங்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்தது. பூட் லோடரில் நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் அது ஓடும். நோக்கம் நியாயமானது. இயங்குதளத்துக்கு முன்பே புகுந்துகொள்ளும் வைரஸை வேறு எப்படித் தடுப்பது? ஆனால் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி, கிட்டத்தட்ட எல்லா லேப்டாப்பிலும், மைக்ரோசாஃப்ட்டுடையது. லினக்ஸ் உலகம் இதற்கு ஒரு நடுவழி கண்டது. மேத்யூ கேரெட் ஷிம் என்ற சிறு லோடரை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் ஷிம்முக்குக் கையெழுத்துப் போடும், ஷிம் கிரப்பைச் சரிபார்க்கும், கிரப் கெர்னலைக் கூப்பிடும்.

இந்த மாற்றத்தைக் கவனிங்க. 1983 முதல் இருந்த கேள்வி "லோடர் எங்கே இருக்கு?" 2012க்குப் பிறகு அதோடு இன்னொரு கேள்வி சேர்ந்தது: "லோடருக்கு யார் அனுமதி கொடுத்தது?"

அந்தக் கேள்வியின் எடை 2020இல் தெரிந்தது. கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பழைய கிரப்புகளை எல்லாம் தடைப் பட்டியலில் சேர்க்கணும். அந்தப் பட்டியலுக்கு மதர்போர்டில் உள்ள இடமோ 32 கேபி. இந்த ஒரு ஓட்டைக்கே அதில் சுமார் 10 கேபி போய்விட்டது. 1981இல் 512 பைட்டுக்குத் திண்டாடினோம், 2020இல் 32 கேபிக்குத் திண்டாட்டம். ஒவ்வொரு லோடரையும் தனித்தனியாகத் தடை செய்யாமல், "இந்தத் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம்" என்று ஒரே எண்ணால் சொல்லும் எஸ்பாட் என்ற ஏற்பாடு அதனால் பிறந்தது.

2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் அப்டேட் அந்த எண்ணை உயர்த்தியது. டூயல் பூட் இருக்கும் கம்ப்யூட்டர்களில் இது செயல்படாது என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் டூயல் பூட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை பலவற்றைத் தவறவிட்டது. அடுத்த முறை லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்ற வரி வந்தது, கம்ப்யூட்டர் அணைந்துபோனது. டிஸ்க், பங்கு, ஃபைல், லோடர் எல்லாமே சரியாக இருந்தன. அனுமதி மட்டும் திரும்பப் பெறப்பட்டிருந்தது. இது முழுசாகச் சரியானது 2025 மே மாத அப்டேட்டில்தான்.

இப்போ உங்க லேப்டாப்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புது பிராசஸரும் இல்லாத லேப்டாப்பை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதனால் நல்லா ஓடுகிற பல பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ்தான் அடுத்த வழி. அதே சமயம், ஷிம்முக்குக் கையெழுத்துப் போட்ட 2011ஆம் வருஷத்துச் சான்றிதழின் ஆயுள் 2026 ஜூன் வரைதான். ஏற்கெனவே கையெழுத்தான லோடர் அன்றோடு நின்றுவிடாது. ஆனால் 2023ஆம் வருஷத்துப் புதுச் சாவியால் மட்டும் கையெழுத்தான லோடர் வரும்போது, அந்தச் சாவியை அறியாத மதர்போர்டு அதை உள்ளே விடாது. லேப்டாப் தயாரித்தவர் பயாஸ் அப்டேட் கொடுப்பதை என்றைக்கோ நிறுத்தியிருக்கலாம். செக்யூர் பூட்டை அணைக்கும் வசதி இருப்பதுதான் அப்போது கைகொடுக்கும்.

அதனால், கருப்புத் திரை வந்தால் இந்த வரலாற்றை வரிசையாக நடந்து பாருங்க.

முதலில் பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்க. தெரியவில்லை என்றால் டிஸ்க் அல்லது கேபிள் பிரச்சினை, மேலே சொன்ன எதுவும் இல்லை. அடுத்து தேதியைப் பாருங்க. பல வருஷம் பின்னால் போயிருந்தால் உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதோடு பூட் முறை, டிஸ்க் முறை எல்லாம் ஆரம்ப நிலைக்கு மாறியிருக்கலாம். திருப்பி வைத்தாலே சில லேப்டாப்கள் எழுந்துவிடும். விண்டோஸில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் அது பேட்டரி இல்லை. லினக்ஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும்.

டிஸ்க் தெரிகிறது என்றால், ஒரு யூஎஸ்பியில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து பூட் செய்யுங்க. நிறுவாமலே ஓடும். உங்க பங்குகளும் ஃபைல்களும் அங்கே தெரியும். வேறு எதைச் செய்வதற்கு முன்னாலும் தேவையானதை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்குங்க. அதற்குப் பிறகுதான் திருத்தம். லோடர் காணோம் என்ற வரி என்றால் கிரப்பை மறுபடி நிறுவணும், இல்லை விண்டோஸின் ரிப்பேர் வட்டால் எம்பிஆரைத் திருப்பி எழுதணும். அனுமதி இல்லை என்ற வரி என்றால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைப் புதுப்பித்து, மறுபடி போடலாம். ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பூட்டியிருக்கும் டிஸ்க்கை யூஎஸ்பி லினக்ஸும் அந்தச் சாவி இல்லாமல் திறக்காது. லேப்டாப் நல்லா இருக்கும்போதே அதை எழுதிவைத்துக்குங்க.

கடையில் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொன்னால், "முதல்ல ஒரு யூஎஸ்பி லினக்ஸ் போட்டு, ஃபைல் தெரியுதான்னு பாருங்க" என்று தைரியமாகக் கேளுங்க. ஐந்து நிமிஷ வேலைதான். உங்க வீட்டு லேப்டாப்பில் எந்த வரி வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.